பிலிப்பினோ டெலிசெர்யே (டிவி தொடர்) பார்க்கப் போய் மொபைல் பேலன்ஸ் போனது: நேர்வழியில் எங்கே பார்ப்பது?

நெய்தல் (ஷார்ஜா)

வணக்கம். நான் இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். நான்கு வருடமாக என் அறைத்தோழிகள் இருவருமே பிலிப்பைன்ஸ்காரர்கள். மூத்தவர் இலோய்லோ ஊர். அவரை எல்லாரும் 'ஆத்தே' என்பார்கள், நம்ம அக்கா மாதிரி. நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். இரவு ட்யூட்டி முடித்து வந்ததும் சோறு, வறுத்த மீன், காடியில் ஊறவைத்த மிளகாய், எதிரே தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போன். அதில் ஒரு டெலிசெர்யே ஓடும். முதலில் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது பத்தாங் கியாப்போ என்ற தொடரைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

போன மாதம் ஆத்தே ஊருக்குப் போயிருந்தார். விட்டுப்போன பகுதிகளைப் பார்க்கலாம் என்று தொடரின் பெயரோடு 'ரீப்ளே' என்று சேர்த்துத் தேடினேன். முதலில் வந்த தளத்தைத் திறந்தேன். தொடரின் போஸ்டர், நடுவில் முக்கோணப் பட்டன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அழுத்தியதும் வேறொரு பக்கம் திறந்தது. 'நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்ய மொபைல் எண் கொடுங்கள்' என்றது. கொடுத்தேன். நான்கு இலக்க எண் வந்தது, அதையும் போட்டேன். வீடியோ வரவே இல்லை.

பத்து நாள் கழித்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போது லைன் பாதியில் அறுந்தது. பேலன்ஸ் பார்த்தால் சுத்தமாக இல்லை. மெசேஜ்களைப் புரட்டினால் அந்த இரவிலிருந்து தினமும் சில திர்ஹாம் கழிந்திருக்கிறது. ஏதோ 'கேம்ஸ் கிளப்' சந்தாவாம். அதோடு போனில் மணிக்கு ஒருமுறை 'உங்கள் போனில் வைரஸ்' என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு மேல் என்ன கெடுதல் நடந்திருக்கலாம்? சட்டப்படி எனக்கு ஏதாவது சிக்கல் வருமா? முக்கியமாக, இந்தத் தொடர்களையும் படங்களையும் ஒழுங்கான வழியில் எங்கே பார்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வலைக்காவல் (சென்னை)

முதலில் போனைக் கவனியுங்கள் சகோதரி, சட்டம் அப்புறம்.

உங்களுக்கு நடந்தது ஹேக்கிங் இல்லை. மொபைல் பில்லிலேயே காசு எடுக்கும் சந்தா முறை ஒன்று இருக்கிறது. கார்டு வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டாம், எண்ணும் அந்த நான்கு இலக்கமும் போதும். அந்த இலக்கத்தை நீங்கள் போட்டதைத்தான் உங்கள் சம்மதமாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்களை எல்லாம் நிறுத்தச் சொல்லுங்கள். இனிமேல் இப்படி வெளியார் சேவை எதுவும் என் எண்ணில் சேரக்கூடாது, பூட்டிவிடுங்கள் என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவதைப் பலர் கேட்பதில்லை. கேட்டால்தான் செய்வார்கள்.

'வைரஸ்' அறிவிப்புகள் பெரும்பாலும் வைரஸே இல்லை. அந்தத் தளத்தில் எங்கோ 'அனுமதி' என்று ஒரு பட்டனைத் தட்டியிருப்பீர்கள். பிரவுசரின் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போனால் பெயர் தெரியாத நாலைந்து தளங்கள் இருக்கும். எல்லாவற்றையும் நீக்குங்கள், நின்றுவிடும். ஆனால் அந்த அறிவிப்பு எதையாவது தட்டி ஒரு ஆப் இறக்கியிருந்தால் கதையே வேறு. இறக்கினீர்களா?

அந்தத் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் அவற்றின் பெயரில் 'பினாய்', 'தம்பாயன்', 'லம்பிங்கன்' என்று ஏதாவது இருக்கும். தம்பாயன் என்றால் பிலிப்பைன்ஸ்காரர்கள் மொழியில் கூடிப் பேசும் இடம், நம்ம ஊர்த் திண்ணை மாதிரி. பெயரைக் கேட்டதும் ஊர்க்காரர்கள் நடத்துவது போல ஒரு நெருக்கம் வருகிறது. ஒரு டொமைனை முடக்கினால் கடைசி எழுத்தை மாற்றி மறுநாளே இன்னொன்று முளைக்கும். ஏபிஎஸ்-சிபிஎன் என்ற பிலிப்பைன்ஸ் டிவி நிறுவனம் அமெரிக்காவில் ஃபுளோரிடா கூட்டாட்சி நீதிமன்றம் வரை போய் டொமைன் டொமைனாக முடக்க உத்தரவு வாங்கியது. அதற்கு முன்னால் 2014-இல் ஓரிகன் நீதிமன்றத்தில் இப்படிச் சில தளங்களை நடத்தியவர்களுக்கு எதிராக 1 கோடி டாலருக்குத் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் தளங்கள் ஓயவில்லை. வீடியோவுக்காக யாரும் அவர்களுக்குக் காசு கொடுப்பதில்லை. உங்களைப் போல ஒருவர் தவறிப்போய்த் தட்டும் அந்த ஒரு தட்டலில்தான் அவர்களுக்கு வருமானம்.


நெய்தல்

ஆப் எதுவும் இறக்கவில்லை அண்ணா. நோட்டிஃபிகேஷனில் ஆறு தளங்கள் இருந்தன, எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். காலையில் ட்யூட்டிக்குப் போகும்முன் கஸ்டமர் கேருக்குப் பேசுகிறேன்.


தாவோமுன்னாள்மாணவன் (திருநெல்வேலி)

அக்கா, நான் பிலிப்பைன்ஸின் தாவோ நகரில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவன். அங்கே நம்ம ஊர்ப் பசங்கள் ஏராளம், தமிழ் மெஸ்கூட உண்டு. விடுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் அறை நண்பன் ஒருவன் 'எல்லாச் சேனலும் இலவசம்' என்று யாரோ டெலிகிராமில் போட்ட ஏபிகே கோப்பை (ஆப் ஸ்டோருக்கு வெளியே ஆப் நிறுவும் கோப்பு) இறக்கினான். நிறுவும்போது அது கேட்ட அனுமதி கண் தெரியாதவர்களுக்காகப் போனில் இருக்கும் உதவி வசதிக்கானது. ஒரு வீடியோ ஆப்புக்கு அது எதற்கு? அவன் யோசிக்கவில்லை, கொடுத்துவிட்டான். அந்த அனுமதி இருந்தால் திரையில் என்ன இருக்கிறது என்று அந்த ஆப் படிக்கும், உங்கள் சார்பில் பட்டனும் தட்டும். மூன்றாம் நாள் அவன் ஊரிலிருந்து வந்திருந்த செமஸ்டர் பணத்தில் ஒரு பகுதி வாலெட்டிலிருந்து போய்விட்டது. ஓடிபி வந்ததும் தெரியாது, அழிந்ததும் தெரியாது. அன்றைக்கு இரவு முழுக்க அவன் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தான். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்த இழையைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

இத்தனைக்கும் அவன் பார்க்க நினைத்த தொடர் யூடியூபிலேயே இலவசமாக ஓடிக்கொண்டிருந்தது! அது ஏன் என்று தெரிந்துகொள்ள 2020-இல் அந்த நாட்டில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏபிஎஸ்-சிபிஎன்னின் 25 வருட ஒளிபரப்பு உரிமம் அந்த மே 4-ஆம் தேதி முடிந்தது. மறுநாளே சேனல் 2 நின்றது. ஜூலை 10-ஆம் தேதி நாடாளுமன்றக் குழு 70-க்கு 11 என்ற வாக்கில் புது உரிமத்தை மறுத்தது. சுமார் 11,000 பேர் வேலை செய்த இடம் அது, ஆகஸ்ட் கடைசியில் ஆட்குறைப்பு. நாங்கள் தங்கியிருந்த விடுதியின் காவலாளி அன்று ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆன்டெனாவில் வர முடியாது என்றானதும் ஆகஸ்ட் 1-இல் 'கபாமில்யா ஆன்லைன் லைவ்' என்று யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் நேரலையைத் தொடங்கினார்கள். பத்தாங் கியாப்போ மாதிரித் தொடர்களின் அன்றைய பகுதியை லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் யூடியூபில் பார்ப்பது அப்படி வந்த பழக்கம்தான். சில நிகழ்ச்சிகள் சில நாடுகளில் திறக்காது, பழைய பகுதிகள் சில நாளில் மறைந்துவிடும். ஆனால் தேடலில் முதலில் வந்த தளத்தைத் திறப்பதற்கு முன் அந்தச் சேனலைத் திறந்து பார்ப்பதுதான் முறை.

இன்னொன்று. தாவோவில் நோயாளிகள் பேசுவது பிசாயா, டிவியில் பேசுவது தகலோக். இரண்டும் வேறு வேறு மொழி. வார்டில் பிசாயா கற்றேன், தகலோக் எனக்கு டெலிசெர்யே கற்றுக்கொடுத்தது. அந்தக் கடன் எனக்கு உண்டு.


மணிமேகலை (சிங்கப்பூர்)

நெய்தல், என் வீட்டு அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்பவர் பங்காசினான் மாநிலத்துக்காரர். என் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவர். அவருடைய அறையில் ஒரு சின்ன டிவி உண்டு. பிறந்தநாளுக்கு என் கணவர் ஒரு கடையில் 'பிலிப்பைன்ஸ் சேனல் எல்லாம் உள்ளே இருக்கு' என்று சொல்லி விற்ற ஒரு டிவி பாக்ஸை வாங்கி வந்தார். நல்ல மனதோடுதான் வாங்கினார். மாதக் கட்டணம் இல்லை, ஒருமுறை காசு, அவ்வளவுதான் என்றார்கள்.

சில வாரத்தில் வீட்டு வைஃபை இழுக்க ஆரம்பித்தது. எங்கள் இணைய நிறுவனத்திலிருந்து, உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து சந்தேகமான போக்குவரத்து வருகிறது என்று மின்னஞ்சல் வந்தது. என் தம்பி ஐடியில் இருக்கிறான். அவன் வந்து ஒவ்வொரு கருவியாகக் கழற்றிப் பார்த்தான். கடைசியில் அந்தப் பாக்ஸ்தான். டிவியை அணைத்த பிறகும், நள்ளிரவிலும் அது யாருடனோ பேசிக்கொண்டிருந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2024-இல் வோய்ட் என்ற தீநிரல் ஏறக்குறைய 200 நாடுகளில் 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்களில் கண்டுபிடிக்கப்பட்டது. 2025 ஜூனில் அமெரிக்க எஃப்பிஐ 'பேட்பாக்ஸ் 2.0' என்ற இதே மாதிரித் தீநிரல் வலை பற்றி எச்சரிக்கை விட்டது. சில மலிவுப் பாக்ஸ்கள் கடைக்கு வரும்போதே கெட்டுப்போய்த்தான் வருகின்றன, சில 'இலவச' ஆப் நிறுவும்போது கெடுகின்றன. உங்கள் வீட்டு இணைய முகவரியை வேறு யாரோ வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கிறார்கள். அதன் வழியே ஒருவர் மோசடி செய்தால் முதலில் தட்டப்படும் கதவு உங்களுடையது.

சிங்கப்பூரில் சட்டமும் மாறிவிட்டது. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, இப்படித் திருட்டு ஒளிபரப்புக்கென்றே பாக்ஸ் விற்பவருக்கு 1 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ 5 வருடம் வரை சிறையோ, இரண்டுமோ. ஆனால் வாங்கியவரின் பணம் யார் தருவார்?

பாக்ஸைக் குப்பையில் போட்ட அன்று அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். அதனால் அன்றைக்கே உட்கார்ந்து டிவியில் நேராக யூடியூப் திறந்து ஸ்டார் சினிமா என்ற பிலிப்பைன்ஸ் படக் கம்பெனியின் சேனலைக் காட்டினேன். முழுப் படங்கள், பலவற்றுக்கு ஆங்கில சப்டைட்டிலோடு, இலவசம். அப்புறம் எங்கள் நெட்ஃபிளிக்ஸில் அவர் பெயரில் ஒரு புரொஃபைல் போட்டேன். அதில் அவர் முதலில் பார்த்தது ஹலோ, லவ், குட்பை. ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் கதை. பாதியில் சமையலறைக்கு எழுந்து போய்விட்டார். நான் போய்ப் பேசவில்லை, கொஞ்ச நேரம் தனியாக விட்டேன்.


எளியவன் (தோஹா)

எல்லாரும் சொல்வது சரி. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். என் கேம்பில் இருக்கும் பிலிப்பைன்ஸ் நண்பர்களின் சம்பளம் எனக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சம் கையளவுதான். அதில் நெட்ஃபிளிக்ஸ் ஒன்று, டிஎஃப்சி (ஏபிஎஸ்-சிபிஎன்னின் வெளிநாட்டுச் சேனல்) ஒன்று என்று சந்தா கட்டச் சொல்வது நியாயமா? மணிலாவில் இருப்பவனுக்கு அதே நிகழ்ச்சி இலவசம். பிழைக்க வெளியே வந்தவனுக்குக் கட்டணம். இது எனக்கு வலிக்கிறது. அதனால்தான் பலர் விபிஎன் போட்டு மணிலாவில் இருப்பதுபோல் காட்டிக்கொள்கிறார்கள். அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.


சட்டம்பயின்றவள் (துபாய்)

எளியவன் அண்ணன் சொல்லும் வலி உண்மையானது. அதைத் தள்ளிவிட்டுப் பேசக்கூடாது. ஆனால் விபிஎன் விஷயத்தில் வளைகுடாவில் இருப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்று பலர் பயமுறுத்துகிறார்கள், அது சரியில்லை. நிறுவனங்களும் வங்கிகளும் தங்கள் வேலைக்குப் பயன்படுத்துவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. இணைய முகவரியை மறைத்து ஒரு குற்றத்தைச் செய்தாலோ, செய்ததை மறைத்தாலோ சிறையோ 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. திருட்டுத் தளத்தில் படம் பார்ப்பதும் பதிப்புரிமை மீறலாக எடுத்துக்கொள்ளப்படலாம். ஒரு தொடரின் பகுதியைப் பார்த்ததற்காக நாளைக்கே யாரையும் பிடித்துப் போவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விசா ஒன்றை நம்பிக் குடும்பம் நடத்துபவர் இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. தொகையைப் பாருங்கள். நம்மில் யாருக்கும் அது வாழ்நாள் சம்பாத்தியம்.

நெய்தல், நீங்கள் பயப்பட வேண்டாம். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தீர்கள், ஏமாற்றப்பட்டீர்கள். உங்கள் நிலையில் நான் இருந்தால் செய்வது ஒன்றுதான்: கழிந்த பணத்துக்குத் தொலைபேசி நிறுவனத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வேன்.

பிலிப்பைன்ஸ் உள்ளேயும் சட்டம் இறுகிவருகிறது. தியேட்டரில் படத்தைக் கேமராவில் பிடிப்பதற்கு எதிராக 2010-இல் தனிச் சட்டமே போட்டார்கள். 50,000 முதல் 7,50,000 பெசோ அபராதம், 6 மாதத்துக்கு மேல் 6 வருடம் வரை சிறை. 2023-இல் அங்கே அறிவுசார் சொத்து அலுவலகமும் பெரிய இணைய நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டு, 2024 தொடக்கத்திலிருந்து புகார் வந்த திருட்டுத் தளங்களை நீதிமன்றத்துக்குப் போகாமலேயே தடுக்க வழி செய்திருக்கிறார்கள்.


மணிமேகலை

விபிஎன் பற்றி ஒரு வரி. இலவச விபிஎன்னை யாரும் தொடவேண்டாம். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை '911 எஸ்5' என்ற, உரியவருக்குத் தெரியாமல் பிடித்த கணினிகளின் வலையை உடைத்தது. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன் போன்ற இலவச ஆப்கள் மூலமாகத்தான் அது உலகம் முழுக்கப் பரவியிருந்தது. 1.9 கோடி இணைய முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. அதை நடத்தியதாகச் சொல்லப்பட்டவர் கைதானது எங்கள் சிங்கப்பூரில்தான். மணிலாவில் இருப்பதுபோல் காட்டிக்கொள்ளலாம் என்று நாம் நிறுவினால், நம் வீட்டில் இருப்பதுபோல் வேறு யாரோ காட்டிக்கொள்கிறார்கள்.


கொட்டகைரசிகன் (மதுரை)

சினிமா பக்கத்திலிருந்து கொஞ்சம் பேசுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மணிலாவில் திரைப்பட விழா ஒன்று நடக்கும். எம்எம்எஃப்எஃப் என்பார்கள். டிசம்பர் 25-இலிருந்து சில நாள் தியேட்டர்களில் உள்நாட்டுப் படங்கள் மட்டும்தான். நமக்குப் பொங்கல் ரிலீஸ் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. 2020-இல் கொரோனாவால் தியேட்டர் மூடிக்கிடந்தது. அதனால் அந்த விழாவையே அப்ஸ்ட்ரீம் என்ற இணையதளத்துக்குக் கொண்டுபோனார்கள். டிக்கெட் 250 பெசோ. அந்த வருடம் சிறந்த படம் விருது வாங்கியது ஃபேன் கேர்ள். அந்தப் படத்தின் திருட்டுப் பிரதி டெலிகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் காட்டுத்தீ போலப் பரவியது. பரப்பியவர்களில் பலர் அந்த நடிகர்களின் ரசிகர்கள். இயக்குநரும் தயாரிப்பாளர்களும் கெஞ்சாத குறையாக வேண்டினார்கள். தியேட்டர் இல்லாத வருடத்தில் அந்த 250 பெசோதான் லைட்மேன் வரைக்கும் போய்ச் சேரவேண்டிய காசு.

எளியவன் நண்பரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. காசு இல்லாதவர் காத்திருக்கட்டும். ரிவைண்ட், 2023 கிறிஸ்துமஸுக்கு வந்து வசூலில் சாதனை படைத்த படம், சில மாதத்திலேயே நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. அந்த வசூலையும் மிஞ்சிய ஹலோ, லவ், அகெய்ன் 2024 நவம்பரில் தியேட்டருக்கு வந்து, 100 கோடி பெசோவைத் தாண்டிய முதல் பிலிப்பினோ படம் ஆனது. அதுவும் இப்படித்தான் ஓடிடிக்கு வந்தது. கொஞ்சம் பழைய படங்களை ஸ்டார் சினிமா, விவா, ரீகல் ஆகிய மூன்று நிறுவனங்களும் தங்கள் சொந்த யூடியூப் சேனலில் முழுசாகப் போட்டிருக்கின்றன. ஒரு காசு கேட்பதில்லை, நடுவில் விளம்பரம் வரும், அந்த வருமானம் படம் எடுத்தவருக்குப் போகும். சம்பளம் குறைவு என்பவருக்கு அந்த மூன்று சேனலில் இருப்பதைப் பார்த்து முடிக்கவே வருடங்கள் ஆகும்.

விவா என்றதும் ஒரு எச்சரிக்கை. விவாமேக்ஸ் என்று 2021-இல் வந்து இப்போது விஎம்எக்ஸ் என்று பெயர் மாறிய ஆப் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. குடும்பத்தோடு பார்க்க அவர்களுடைய விவா ஒன் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழம்பிவிடாதீர்கள்.

இனி எனக்கு நெருக்கமான விஷயம். இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்த நாட்டில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் முழுசாகக் கைக்குக் கிடைப்பவை ஐந்தே ஐந்து. ஐந்து! மணிலா எரிந்தபோது எரிந்தவை போக, வெப்பமும் ஈரமும் தின்றவை மிச்சம். நம்ம ஊரிலும் ஊமைப்படக் காலத்துச் சுருள்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரிந்தவர்களுக்கு இந்த வலி புரியும். 2011-இல் ஏபிஎஸ்-சிபிஎன் மறுசீரமைப்பு வேலையைத் தொடங்கி, கீறலும் பூஞ்சையும் பிடித்த நெகட்டிவ்களை ஃபிரேம் ஃபிரேமாகச் சுத்தம் செய்தது. இஷ்மாயெல் பெர்னால் இயக்கி நோரா அவ்னோர் நடித்த 1982-ஆம் வருட ஹிமலா அப்படித்தான் 2012-இல் புத்துயிர் பெற்று வெனிஸில் திரையானது. நான் முதலில் ஹிமலாவைப் பார்த்தது யாரோ விஹெச்எஸ்ஸிலிருந்து ஏற்றிய திருட்டுப் பிரதியில். மணல்மேட்டில் திரளும் அந்தக் கூட்டம் வெறும் சாம்பல் திட்டாகத் தெரிந்தது. மறுசீரமைத்த பிரதியில் பார்த்தபோது ஒவ்வொரு முகமும் தெரிந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கிழவி வாய் திறந்தபடி நிற்கிறாள், அவளை நான் அன்றுதான் பார்த்தேன். நோரா அவ்னோர் 2025 ஏப்ரலில் மறைந்தபோது அந்தப் பிரதியைத்தான் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

இயக்குநர் லினோ ப்ரோக்காவின் இன்சியாங், மணிலாவைப் பற்றி அவர் 1975-இல் எடுத்த படம் இரண்டும் மறுசீரமைக்கப்பட்டு, பழைய படங்களை வெளியிடும் கிரைடீரியன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வெளியீடாக நல்ல பிரதியில் கிடைக்கின்றன. இயக்குநர் லாவ் டியாஸின் படங்கள் முபி என்ற ஓடிடியில் வந்து போகும். சுயாதீனப் படங்களுக்கு, அந்நாட்டுத் திரைப்பட வளர்ச்சி மன்றம் நடத்தும் ஹுவான்ஃபிளிக்ஸ் உண்டு. வெளிநாட்டிலிருந்து எல்லாம் திறக்காது. ஆனால் பெயர்களைத் தெரிந்துகொள்ளவாவது அங்கே போய்ப் பாருங்கள்.


எளியவன்

கொட்டகைரசிகன் ஐயா, யூடியூபில் முழுப் படங்கள் இருப்பது எனக்குத் தெரியாது. இன்றிரவு கேம்பில் எல்லாருக்கும் சொல்கிறேன். ஆனால் வெளிநாட்டில் இருப்பவருக்கு மட்டும் ஏன் கட்டணம் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.


தாவோமுன்னாள்மாணவன்

அண்ணா, நான் புரிந்துகொண்ட வரை சொல்கிறேன். உள்நாட்டில் விளம்பரதாரர் காசு கொடுக்கிறார். மணிலாவில் சோப்பு விற்பவருக்குத் தோஹாவில் பார்ப்பவரால் லாபம் இல்லை. அதனால் வெளிநாட்டுச் சேவையைப் பார்ப்பவரின் சந்தாவில் ஓட்டுகிறார்கள். டிஎஃப்சி 1994-இல் தொடங்கியதே கடல் கடந்தவர்களுக்காகத்தான். ஜிஎம்ஏ என்ற இன்னொரு டிவி நிறுவனமும் 2005-இல் பினாய் டிவி என்று அப்படியே தொடங்கியது. ஏபிஎஸ்-சிபிஎன்னின் ஆப் சில வருடம் ஐவான்ட்டிஎஃப்சி என்று இருந்தது, இப்போது மறுபடி ஐவான்ட். உள்ளே இலவசப் பகுதியும் உண்டு, நாட்டைப் பொறுத்து மாறும். விலை நியாயமா என்று கேட்டால் எனக்கும் உங்களைப் போலத்தான் தோன்றுகிறது. நான்கு பேர் இருக்கும் அறையில், பொது டிவியில், சந்தாவின் விதி அனுமதிக்கிற வரைக்கும் பகிர்ந்து கட்டினால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். நாங்கள் விடுதியில் அதைத்தான் செய்தோம்.


வலைக்காவல்

யூடியூப் என்றதும் எல்லாம் நேர்வழி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் திருட்டுச் சேனல்கள் உண்டு. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். யூடியூபின் தானியங்கிச் சோதனையில் சிக்காமலிருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவார்கள். ஒரு தெருக்காட்சி வரும்போது ஜீப்னியின் (அந்த ஊர் மினிபஸ்) நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பாருங்கள். கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத்து புரண்டிருந்தால் அது திருட்டு. குரல் கீச்சென்று வேகமாக இருப்பது, படத்தைச் சுற்றிப் பூப்போட்ட சட்டம் இருப்பது, மூலையில் இருக்கும் சேனல் சின்னத்தை மங்கலாக்கியிருப்பது, எல்லாம் அதே ரகம். அப்படிப்பட்ட வீடியோவில் ஐந்து நிமிடம்தான் ஓடும், 'மீதி கீழே லிங்கில்' என்று வரும். அந்த லிங்க்தான் நெய்தல் போன இடத்துக்குக் கூட்டிப்போகும்.

சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், அங்கிருக்கும் யூடியூப் பொத்தானைத் தட்டி வாருங்கள். அப்படி வந்தால் வழி தவறாது.


நெய்தல்

எல்லாருக்கும் நன்றி. என்ன ஆனது என்று சொல்லவேண்டும் இல்லையா.

கஸ்டமர் கேரில் இருபது நிமிடம் பேசினேன். என் எண்ணில் இரண்டு சந்தா ஓடிக்கொண்டிருந்ததாம், ஒன்றுதான் எனக்குத் தெரியும்! இரண்டையும் நிறுத்தி, இனி சேராதபடி பூட்டும் போட்டுவிட்டார்கள். புகார் எண் வாங்கிவைத்திருக்கிறேன். பணம் திரும்ப வருமா என்று தெரியவில்லை, வந்தால் இங்கே எழுதுகிறேன்.

ஆத்தே வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து வந்தார். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் சின்னதாகிவிட்டது. அந்தத் தளத்தின் பெயரை ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது அவர்தான். உங்கள் தப்பு இல்லை ஆத்தே என்று சொல்லி, அவர் போனையும் வாங்கிப் பார்த்தேன். அவர் எண்ணிலும் ஒரு சந்தா, எட்டு மாதமாக. எட்டு மாதம்! ரீசார்ஜ் சீக்கிரம் தீருவதற்குக் காரணம் பிள்ளைகளோடு அதிகம் பேசுவதுதான் என்று நினைத்து, அவர் பேசும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. உடனே அதையும் நிறுத்தினோம்.

நேற்றிரவு கபாமில்யா நேரலையைத் தேடிப் பிடித்தோம். அறையில் மூன்று பேரும் ஒரு பெரிய கிண்ணத்தில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். தெருக்காட்சி வந்ததும் நான் ஜீப்னியின் நெற்றியைப் பார்த்தேன். எழுத்து நேராக இருந்தது.

ஒரு சின்னக் கேள்வி மிச்சம் இருக்கிறது. நேரலையில் சப்டைட்டில் இல்லை. ஆத்தே பக்கத்தில் இருந்தால் மொழிபெயர்ப்பார், இல்லாவிட்டால் எனக்குப் பாதிதான் புரிகிறது. சப்டைட்டிலோடு எந்தத் தொடரில் தொடங்கலாம்?


கொட்டகைரசிகன்

நெட்ஃபிளிக்ஸ் இருந்தால் மரியா கிளாரா அட் இபார்ராவில் தொடங்குங்கள். ஜிஎம்ஏ தொடர், 2022 அக்டோபரில் வந்தது. இந்தக் காலத்து நர்சிங் மாணவி ஒருத்தி, அந்நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசால் எழுதிய நாவலுக்குள்ளேயே போய் விழுகிறாள். ஸ்பானியர் ஆண்ட காலம், பாதிரிகளின் அதிகாரம், அந்த ஊர்ச் சரித்திரம் முழுக்கக் கதையோடு கதையாக வந்துவிடும். நீங்களும் நர்ஸ் என்பதால் அந்தப் பெண்ணைப் பிடிக்கும். அதை முடித்தால் புலாங் ஆராவ், ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலம். அது 2024-இல் தொலைக்காட்சிக்கு மூன்று நாள் முன்னாலேயே நெட்ஃபிளிக்ஸில் வந்தது. உங்கள் நாட்டு நெட்ஃபிளிக்ஸில் இரண்டும் இருக்கிறதா என்று பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.


நெய்தல்

முதலாவது இருக்கிறது ஐயா. ஆத்தே இப்போதே போட்டுவிட்டார். ரிசாலைப் பள்ளிக்கூடத்தில் படித்தது, ஒரு வரி விடாமல் எனக்குச் சொல்லியாக வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு எழுதுகிறேன்.